வட்டம் போட்ட வீடுகள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் படி படியாக ஏறி இறங்கி, கதவு கதவாகச் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டிருப்பவளை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? சாக்பீஸ் அக்கா. கட்டியவருக்குக் கோபம் வந்தால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

நகர அமைப்பு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எந்தத் தெருவில் எத்தனை மாடி எழும்பலாம், எங்கே கடை வரலாம், எந்த இடம் பூங்காவாகவே கிடக்கலாம் என்று தீர்மானிக்கிற இடம் அது. தீர்மானிப்பதற்கு முன்னால் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்டதும் அதன்படி நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேட்கிற வேலை அக்காவுடையது.

கையில் ஒரு படிவம். அதில் மூன்று கட்டம்: ஆதரவு, ஆட்சேபணை, கருத்து இல்லை. கட்டம் மூன்றுதான், ஜனங்களின் வாய்க்குக் கணக்கில்லை. "ஆறு மாடியா? அப்புறம் எங்க மொட்ட மாடியில துணி காயுமா? ஆட்சேபணைன்னு போடுங்க, கொட்டை எழுத்துல போடுங்க" என்பார் ஒருவர். அடுத்த வீட்டு மருமகள் மாமியார் காதில் விழாமல், "ரெண்டு ரூம்ல ஏழு பேர் இருக்கோம்க்கா. இருபது மாடி கட்டட்டும், எனக்குன்னு ஒரு கதவு இருந்தாப் போதும்" என்று கிசுகிசுப்பாள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடையில் உட்கார்ந்திருக்கும்போது கூட்டம் வரட்டும் என்று ஆதரவு சொன்னார், வீட்டுக்குப் போய்க் கேட்டபோது கூச்சல் வரும் என்று ஆட்சேபணை சொன்னார். அக்கா இரண்டையும் மறு பேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். யார் பக்கமும் சாயாமல் எழுதுவதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அவளுடைய கருத்து என்ன என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

கதவைத் திறந்து பேசிய வீட்டு நிலையில் சாக்பீஸால் ஒரு சரிக்குறி. ஆள் இல்லாவிட்டால் உடனே விட்டுவிடக் கூடாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் தட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் நிற்க வேண்டும். மூன்றாவது தடவையும் ஆள் இல்லையென்றால் கதவில் ஒரு வட்டம், பதிவேட்டில் 'ஆளில்லை'.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அலுவலகம் அவளுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தது. தாளைப் பார், கதவைப் பார், குறி போடு. தெருவின் வரைபடம் அச்சடித்த தாள் அது. குடியிருக்கும் வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு என்று வீடு வீடாக நிறம் தீட்டியிருக்கும். முதலில் தாளில் வீட்டைக் கண்டுபிடித்து விரலை வைத்துக்கொண்டு, அப்புறம்தான் கதவைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு மாறிப் போகும். இருபத்திரண்டு வருடத்தில் அக்கா ஒரு நாளும் அந்த வரிசையை மாற்றியதில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சொந்தத் தெருவை யாரும் கணக்கெடுக்கக் கூடாது. வேண்டியவர் வேண்டாதவர் என்று வந்துவிடுமாம். அதனால் இந்தத் தடவை அக்காவின் தெருவுக்குக் குடைக்காரர் போனார், குடைக்காரரின் தெருவுக்கு அக்கா போனாள். குடைக்காரர் அதே அலுவலகத்தில் அதே வேலை பார்க்கிறவர், மனைவி போன பிறகு தனிக்கட்டை. மழையோ வெயிலோ, கறுப்புக் குடை ஒன்று கையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அக்காவுக்கு அவர் அண்ணன் முறை, அவருக்கு இவள் தங்கச்சி.

இந்தத் தடவைத் திட்டம் பெரியது. இரண்டு தெருக்களையும் பிரித்துப் போட்டு அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள். கணக்கில் இருக்கிற வீட்டுக்காரர்களுக்குப் புதுக் கட்டடத்தில் மாற்று வீடு. வட்டம் போட்ட வீட்டுக்கு ஒன்றும் கிடையாது, அது வெறும் நிலம். தெருவில் மூன்றில் ஒரு பங்கு வட்டமாகிவிட்டால் ஆறு மாடி பன்னிரண்டு மாடியாகும்.

குடைக்காரர் தெருவில் முப்பத்தெட்டு வீடு. அக்கா அங்கே பதின்மூன்று வட்டம் போட்டாள்.

போடும்போதே அவளுக்கு மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தையல்காரம்மா வீடு என்று பலகை தொங்கிய வீட்டில், படி ஏறும்போது உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது. அக்கா தாளைப் பார்த்தாள். அந்த வீடு இருந்த இடத்தில் மஞ்சள் ஏறாமல் வெள்ளையாக இருந்தது, அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டாள். நிமிர்ந்தாள். மூன்று நிமிடம் நின்றாள். வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. முகத்துக்கு நேரே யாரோ மூச்சு விடுகிற மாதிரிக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் மட்டும் இல்லை. மூன்றாவது தடவையும் அப்படியேதான். "பாவம், யாரு இருந்தாங்களோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வட்டத்தைப் போட்டாள். ஆளில்லா வீட்டில் அப்படிச் சொல்வது அவள் வழக்கம், குடைக்காரருக்கும் அதே வழக்கம். தெரு முனைக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதவு என்ன நிறம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மூடியிருந்ததா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மற்றப் பன்னிரண்டில் குடைக்காரர் வீடும் ஒன்று. மூன்று தடவையும் பூட்டு. மனிதர் அந்த நேரத்தில் அவள் தெருவில் கதவு தட்டிக்கொண்டிருந்தால் வீட்டில் யார் இருப்பார்கள்? அவர் அங்கே குடியிருக்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததை எழுதக் கூடாது, பார்த்ததைத்தான் எழுத வேண்டும். அப்புறம் திருத்தச் சீட்டு எழுதிச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று அங்கேயும் ஒரு வட்டத்தைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் வீட்டுக் கதவில் வட்டம் இருந்தது.

முதலில் சிரிப்புதான் வந்தது. அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. படுக்கிற அறை மாடியில் இருக்கிறது, ஏறுவதற்குள் மனிதருக்கு உயிர் போய் உயிர் வரும். மத்தியானத்தில் கீழ் அறை ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் வெயில் விழும். அந்த வெயிலில் நாற்காலியைப் போட்டு முழங்காலைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசலுக்கும் நாற்காலிக்கும் ஆறடி தூரம்.

"ஏங்க, அண்ணன் மூணு தடவ வந்து தட்டியிருக்காரு. அப்படி என்ன தூக்கம்?"

"யாரு தூங்கினா?" என்றார் அவர். "மூணு தடவையும் திறந்தேன். வாங்க சார்னேன். அந்த ஆளு கையில இருந்த பேப்பரப் பாத்தாரு, அப்புறம் என்னப் பாத்தாரு. என்னையில்ல, எனக்குப் பின்னாடி இருந்த செவத்த. நான் பாட்டுக்கு என் கருத்தச் சொல்லிட்டே இருக்கேன், மனுஷன் கடிகாரத்தப் பாக்கறாரு. 'பாவம், யாரு இருந்தாங்களோ'ன்னு சொல்லிட்டு வட்டத்தப் போட்டுட்டுப் போயிட்டாரு."

"என் காதுல பூ சுத்தாதீங்க."

"உன் மேல சத்தியமா."

அக்கா துணியை நனைத்து வட்டத்தைத் துடைத்தாள். ஈரம் காய்ந்ததும் அது பழையபடி தெரிந்தது. மறுபடி துடைத்தாள், மறுபடி தெரிந்தது. அவள் வேலையில் எத்தனையோ சாக்பீஸைப் பார்த்திருக்கிறாள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.  அதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் துணியைப் பிழிந்து காயப் போட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் பேருந்து நிறுத்தத்தில் அவள் கையைக் காட்டினாள், பேருந்து நிற்காமல் போயிற்று. சரி, டிரைவருக்கு என்ன அவசரமோ என்று அடுத்ததற்கு நின்றாள். அதுவும் போயிற்று. நடந்தே போனாள். டீக்கடையில் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் மூன்று பேர் குடித்துவிட்டுப் போனார்கள். அலுவலக வாசலில் இருபத்திரண்டு வருடமாக "வாங்கம்மா" என்கிற காவல்காரர், அவள் கடந்து போகும்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். மை தாளில் பதியத்தான் செய்தது. எழுத்தர் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அந்தம்மா வரலையா?" என்று பக்கத்து மேசையில் கேட்டார். அவள் அவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

அவர் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாடிக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். இரண்டு தெருக்களுக்கும் அதுதான் கடைசி. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்த ஆண்டவனே வந்தாலும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. அக்கா கூடத்துக்கு ஏறிப் போனாள்.

அந்தக் கூடத்தைப் பற்றி அவளுக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் நாலு சுவரிலும் தோள் உயரத்தில் ஒரு அழுக்குப் பட்டை வந்துவிடும். ஆட்கள் எல்லாரும் நடுவில் நாற்காலியில் உட்காருகிறார்கள், சுவரில் யார் சாய்கிறார்கள் என்று அவள் பல தடவை யோசித்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்தாள்.

நாலு சுவரையும் ஒட்டி ஜனங்கள் நின்றார்கள். வரிசை வரிசையாக, சத்தமில்லாமல், கையில் சாவிக் கொத்தும் பையுமாக. கழுத்தில் அளவு நாடாவோடு நின்றவள் தையல்காரம்மாவாகத்தான் இருக்க வேண்டும். ஜன்னல் ஓரமாக நின்றவர்கள் வேறு ஏதோ தெருக்காரர்கள். அவர்களில் ஒரு கிழவரை அக்காவுக்கு அடையாளம் தெரிந்தது. அவர் தெரு இடிபட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே இப்போது கார்கள் நிற்கின்றன.

அக்கா அவர்களை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தாள்.

"வந்துட்டீங்களாக்கா?" என்றாள் தையல்காரம்மா. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அக்காவைக் கொன்றது. "நீங்க மூணு தடவ வந்தீங்க. மூணு தடவையும் மிஷின நிறுத்திட்டு வந்து திறந்தேன். ஒரு தடவ உங்க கையப் புடிச்சுக்கூடப் பாத்தேன். நீங்க தாளையே பாத்துட்டிருந்தீங்க."

"எனக்குத் தெரியலம்மா. சத்தியமாத் தெரியல."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்க்கா. அந்தப் படத்தப் பாருங்க."

முன் சுவரில் இரண்டு தெருக்களின் வரைபடமும் பெரிதாக மாட்டியிருந்தது. மஞ்சளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். அக்கா எண்ணினாள். குடைக்காரர் தெருவில் பதின்மூன்று. தையல்காரம்மா வீடு வெள்ளை. அவள் தெருவில் நடுவில் இருக்கும் அவள் வீடு வெள்ளை. வரைபடத்தின் மூலையில் அச்சிட்ட தேதி இருந்தது. அவள் முதல் கதவைத் தட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு முந்திய தேதி அது.

படம் எங்கே வெள்ளையாக இருந்ததோ அங்கேதான் அவள் கண்ணுக்கு ஆள் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பெயர் எடுத்தவள், தாள் காட்டியதை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"தங்கச்சி" என்றது ஒரு குரல். தூணுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு குடைக்காரர் நின்றார். "வெள்ளிக்கிழமையிலேர்ந்து என்ன யாரும் பாக்கல. சனிக்கிழம ஒருத்தரு என் மேலயே மோதிட்டு, செவுத்துல இடிச்சுக்கிட்ட மாதிரி நெத்தியத் தடவிட்டுப் போறாரு."

"அண்ணே, உங்க வீட்டுல வட்டம் போட்டது நான்தான்."

"உங்க வீட்டுல போட்டது நான்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். வெளிச்சம், காற்று, அகலமான சாலை என்றெல்லாம் சொன்னார். ஒரு பெரியவர் எழுந்து, சாக்கடையை அகலப்படுத்தாமல் பன்னிரண்டு மாடியை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்விதான், குறித்துக்கொண்டார்கள். சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் கையைத் தூக்கித் தூக்கி ஓய்ந்து போய்க் கீழே போட்டார்.

குடைக்காரர்தான் வழி சொன்னார். வட்டம் போட்டவர் கையாலேயே திருத்தச் சீட்டு எழுதி முத்திரை வாங்கினால் வட்டம் அழியும், வேறு யார் எழுதினாலும் செல்லாது. அக்காவின் சீட்டுப் புத்தகம் அவள் பையிலேயே இருந்தது. குடைக்காரருடையது கீழே முத்திரைக்காரரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது, கேட்டு வாங்க வேண்டும். கேட்பவரைக் கண்ணால் பார்த்தால்தானே முத்திரைக்காரர் எடுத்துக் கொடுப்பார்?

"முதல்ல என்னோடத எழுதுங்க தங்கச்சி. நான் ஆளாயிட்டேன்னா உடனே புத்தகத்த வாங்கி உங்களோடத எழுதிடறேன். என்ன நம்பறீங்கல்ல?"

நம்பினாள். வெயிலில் நின்றாலும் அடுத்தவருக்குக் குடையைச் சாய்க்கிற மனிதர் அவர். மறந்துவிடக் கூடாதே என்று அவர் பேனாவால் தன் உள்ளங்கையில் அவள் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணு மட்டும். ஒருவேளை நேர்ல போய்ப் பாக்கணும்னா, தாளப் பாக்காதீங்க. கதவ மட்டும் பாருங்க."

"இது சொல்லணுமா?" என்றார்.

கீழ்த்தளத்தில் முத்திரைக்காரர் மேசையில் ஒரு தட்டு இருக்கும். தட்டில் விழுகிற காகிதத்துக்கு முத்திரை குத்துவார், யார் போட்டது என்று அவர் தலை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அக்கா அன்றைக்கு நன்றி சொன்னாள். முதல் சீட்டைப் போட்டாள். முத்திரை விழுந்தது.

"அட, சார்! எப்ப வந்தீங்க?" என்றார் முத்திரைக்காரர்.

"இப்பத்தான்" என்றார் குடைக்காரர். சொல்லிவிட்டு எதையோ எங்கேயோ வைத்துவிட்ட மாதிரிச் சுற்றும் முற்றும் பார்த்தார். அக்காவின் மேல் அவர் கண் பட்டது, அவளைத் தாண்டிப் பின்னால் இருந்த நாள்காட்டிக்குப் போயிற்று.

"அண்ணே" என்றாள் அவள். "அண்ணே, நான்தான்."

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இதென்ன நம்பர்? என் கையெழுத்தாத்தான் இருக்கு." யோசித்தார். கடமையில் பிசகாத மனிதர், அலட்சியமாகத் துடைத்துப் போடவில்லை. "இந்த வீட்டுல ஏதோ சந்தேகம் வந்து எழுதி வெச்சிருக்கேன் போல. சார், என் சீட்டுப் புத்தகத்தக் குடுங்க. அந்தத் தெரு வரைபடமும் ஒண்ணு குடுங்க. அஞ்சு மணிக்குள்ள போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். மணி நாலு.

அக்கா அவர் பின்னாலேயே வாசல் வரை ஓடினாள். அங்கே நின்றாள். படிக்கட்டில் மிச்சமிருந்த பன்னிரண்டு வட்ட வீட்டு ஜனங்களும் இறங்கி வந்து நின்றிருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தையல்காரம்மா மட்டும், "நீங்க போங்கக்கா. உங்க வீட்டப் பாருங்க" என்றாள். சொல்லும்போது அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

போயிருக்கலாம். போனால் குடைக்காரரை வழியிலேயே பிடித்து, கையிலிருந்த தாளைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் இவர்களுக்கு வட்டம் போட்டது அவள் கை. அக்கா திரும்பி வந்து மேசை ஓரத்தில் நின்று எழுத ஆரம்பித்தாள். வீட்டு எண், குடியிருப்பவர் எண்ணிக்கை, கருத்து, கையெழுத்து. ஒவ்வொருவராகக் கேட்டாள், அவர்கள் சொன்னார்கள். ஏழு பேர், ஆதரவு. இரண்டு பேர், ஆட்சேபணை. கைக்குழந்தையோடு நாலு பேர், கருத்து இல்லை. தட்டில் சீட்டு விழ விழ முத்திரை விழுந்தது, ஒவ்வொருவராக ஏதோ தூக்கம் கலைந்தாற்போல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே போனார்கள். தையல்காரம்மாதான் கடைசி. முத்திரை விழுந்ததும் அவள் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இங்க யாரோ நின்னாங்களே" என்றாள் முத்திரைக்காரரிடம்.

"யாரும் இல்லையேம்மா."

தையல்காரம்மா கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்தாள். அக்கா மூச்சு விடாமல் நின்றாள். அப்புறம் தையல்காரம்மா வாசலைப் பார்த்து நடந்தாள்.

மணி நாலேகால். எந்தப் பேருந்தும் நிற்காது என்று தெரிந்ததால் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தாறு வயதில் அவள் அப்படி ஓடுவதைப் பார்த்துச் சிரிக்க அந்தத் தெருவில் யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

வீட்டு முனை திரும்பும்போது வாசலில் கறுப்புக் குடை தெரிந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. வீட்டுக்காரர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "பன்னெண்டு மாடி என்ன சார், இருபத்தஞ்சு கூடக் கட்டட்டும். லிஃப்ட் வரும்ல? இந்த முட்டிய வெச்சுக்கிட்டு மாடி ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும். ஆதரவு சார், ஆதரவுன்னு எழுதுங்க!"

குடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவர் இடது கையில் வரைபடம் விரிந்திருந்தது, அதில் வெள்ளையான ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்திருந்தார்.

"தாளப் பாக்காதீங்கண்ணே!" என்று கத்தினாள் அக்கா. "அத மடிங்க! கதவப் பாருங்க! சொன்னேன்ல உங்களுக்கு!"

அவர் தலையை லேசாகச் சாய்த்தார். அக்காவுக்கு அந்தச் சாய்வு தெரியும். தையல்காரம்மா வாசலில் அவள் தலையும் அப்படித்தான் சாய்ந்தது. உள்ளே ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருக்கும், முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ படும். அவருக்கு இப்போது என்ன தோன்றிக்கொண்டிருக்கிறது என்று அக்காவுக்கு ஒன்று விடாமல் தெரியும். அடுத்து என்ன செய்வார் என்பதும் தெரியும். அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் கொசு உட்கார்ந்த மாதிரி அந்த இடத்தைச் சொறிந்துகொண்டார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. அவர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். திறந்திருந்த கதவில் மூடிய கதவுக்குப் போடுவது போல, பழைய வட்டத்தின் மேலேயே அழுத்தி இன்னொரு தடவை போட்டார். உள்ளங்கையில் எச்சில் தொட்டு எண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், யாரு இருந்தாங்களோ" என்றார் குடைக்காரர்.

குடை தெரு முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

"பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார் வீட்டுக்காரர். "நான் ஆதரவுதானே சொல்றேன்? ஆதரவு சொல்றவனுமா கண்ணுக்குத் தெரிய மாட்டான்?"

அக்கா உள்ளே போனாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை, முத்திரை குத்த ஆள் இல்லை. இருந்தாலும் கை பேனாவைத் தேடியது. வீட்டு எண்ணை எழுதினாள். வீட்டுக்காரர் பெயரில் ஆதரவுக் கட்டத்தில் குறி போட்டாள்.

"நீ என்ன சொல்ற?" என்றார் அவர்.

"எதுக்கு?"

"மாடி வரதுக்கு. ஊரெல்லாம் கேட்டியே, உன்ன யாராவது கேட்டாங்களா? நான் கேக்கறேன், சொல்லு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் எப்போதோ போய்விட்டிருந்தது.

"மத்தியானம் ஒரு மணி நேரம் அந்த ஜன்னல்ல வெயில் வரும்னு நீங்க சொல்லித்தான் தெரியும்" என்றாள். "அந்த நேரத்துல நான் ஏதாவது தெருவுல இருப்பேன், லீவு நாள்னா அடுப்படியில இருப்பேன். ரிட்டயர் ஆனப்புறம் உங்க பக்கத்துல இன்னொரு நாற்காலியப் போட்டு உக்காரலாம்னு இருந்தேன். வீட்டப் பிரிச்சுப் பன்னெண்டு மாடி கட்டினா அந்த ஜன்னல் ஏது, வெயில் ஏது? எனக்கு அது வேணும். ஆட்சேபணை."

"சரி, ஆட்சேபணைன்னே எழுது. கொட்டை எழுத்துல எழுது."

எழுதினாள். வெளியே தெருவில் யாரோ பேசிக்கொண்டே போனார்கள். திறந்திருந்த கதவுக்கு நேரே வந்ததும் அவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தி, அப்புறம் தொடர்ந்தார்கள். படிவத்தின் கடைசி வரி மட்டும் மிச்சமிருந்தது. வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிற வரி அது. அக்கா தாளைப் பார்க்கவில்லை. முதலில் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், அப்புறம் குனிந்து இரண்டு என்று எழுதினாள்.